கடல் தாண்டி மலையேறியவர்கள்

அமெரிக்கப் பாதிரியார் குடும்பம், ஆஸ்திரேலியாவில் பிறந்த பெண்மணி, இலங்கைத் தேயிலைத் தோட்டத் தமிழர்… கொடைக்கானலில் குடியேறியவர்களின் அன்றாட அதிர்ச்சிகள்!

ஞாயிற்றுக்கிழமை காலை. கொடைக்கானல் வாரச்சந்தையில் கால் வைக்க இடமில்லை. மன்னவனூர் முட்டைக்கோஸ், பூம்பாறைப் பூண்டு, பண்ணைக்காட்டு மலைவாழை என்று தார்ப்பாய் விரித்த கடைகளுக்கு நடுவே ஒரு வெள்ளைக்காரத் தாய் நடந்து வருகிறார். இடுப்பில் இரண்டு வயதுக் குழந்தை. கேரட் விற்கும் அம்மா தராசைக் கீழே வைக்கிறார். “என் சாமி, என் தங்கம்” என்றபடி இரண்டு கையாலும் குழந்தையின் முகத்தை வழித்து, தன் நெற்றிப்பொட்டில் வைத்து நெட்டி முறிக்கிறார். பத்து விரலும் சடசடவென்று முறிகின்றன. பக்கத்துக் கடைக்காரர் குழந்தையைத் தூக்கக் கை நீட்டுகிறார். சுற்றுலா வந்த கல்லூரிப் பெண்கள் இருவர் செல்ஃபிக்கு நெருங்குகிறார்கள்.

தாயின் முகத்தில் சிரிப்பு இருக்கிறது. ஆனால், குழந்தையைப் பிடித்திருக்கும் கை இறுகுகிறது. யாரென்றே தெரியாத ஐந்து பேர் பிள்ளையைத் தொடுகிறார்கள். யாரும் அனுமதி கேட்கவில்லை. குழந்தை அழத் தொடங்க, கேரட் அம்மா ஒரு பிஞ்சுக் கேரட்டை எடுத்து வாளித் தண்ணீரில் அலசி, முந்தானையில் துடைத்துக் குழந்தையின் கையில் கொடுக்கிறார். குழந்தை அதை வாய்க்குக் கொண்டுபோகிறது. தாய் வாளியைப் பார்க்கிறார்.

அந்த நொடியில் அவர் மனதில் நடப்பதற்குக் கலாசார அதிர்ச்சி என்று பெயர். கலெர்வோ ஓபர்க் என்ற மானிடவியலாளர் 1954-ல் ரியோ டி ஜெனீரோவில், மகளிர் மன்றம் ஒன்றில் ஆற்றிய உரையில் இதை விளக்கினார். அதற்குப் பிறகுதான் இந்தச் சொல் பரவலானது. எப்போது கை குலுக்குவது, வேலையாளிடம் எப்படிப் பேசுவது, யார் சொல்வதை அப்படியே எடுத்துக்கொள்வது, யார் சொல்வதை எடுத்துக்கொள்ளக் கூடாது என்று பிறந்த ஊரில் யோசிக்காமலே செய்த நூறு சின்னச் சின்ன விஷயங்கள் அன்னிய ஊரில் ஒரே நாளில் கைவிட்டுப்போகின்றன. அதுதான் ஆளை உலுக்குகிறது என்பது ஓபர்க்கின் விளக்கம்.

வெளிநாடு போன நம் குடும்பங்களின் கதைகளை நாம் நிறையப் படித்திருக்கிறோம். டொராண்டோவின் பனி, சிங்கப்பூரின் அபராதம், நியூஜெர்சியில் கேட்காமல் கதவைத் தட்டக் கூடாத அண்டை வீடு… இந்த வாரம் கண்ணாடியை நம் பக்கம் திருப்பிப் பார்ப்போம். ஏறக்குறைய 180 ஆண்டுகளாக, எங்கிருந்தோ வந்த குடும்பங்கள் கொடைக்கானலில் குடியேறிக்கொண்டே இருக்கின்றன. அவர்களில் மூன்று சாராரின் கதை இது. மூவரும் இலங்கை வழியாகத்தான் இந்த மலைக்கு வந்து சேர்ந்தார்கள். மூவருக்கும் கிடைத்த வரவேற்பு மட்டும் ஒன்றாக இல்லை.

காய்ச்சலுக்குத் தப்பியவர்கள்

யாழ்ப்பாணத்தில் 1816 முதல் இயங்கிவந்த அமெரிக்க மிஷன், 1834-ல் மதுரையில் கிளை தொடங்கியது. வந்த குடும்பங்களைக் காலராவும் காய்ச்சலும் காவு வாங்கின. குழந்தைகளைப் புதைத்துவிட்டுப் பள்ளிக்கூடம் நடத்திய தாய்மார்கள் அவர்களில் இருந்தார்கள். குளிர்ச்சியான இடம் தேடி முதலில் சிறுமலைக்குப் போனார்கள். அங்கேயும் காய்ச்சல் விடவில்லை. கடைசியில் பழனி மலையில் ஏறி, 1845-ல் இரண்டு வீடுகளைக் கட்டினார்கள்: சன்னிசைடு, ஷெல்டன். இன்று நாம் சீசனுக்குப் போகும் கொடைக்கானல் நகரம் அந்த இரண்டு வீடுகளிலிருந்து முளைத்ததுதான்.

மேலே வருவதே பெரும்பாடு. 1875-ல் அம்மையநாயக்கனூரில் ரயில் நின்ற பிறகும், அங்கிருந்து இரவெல்லாம் மாட்டுவண்டி. விடிந்தால் அடிவாரத்தில் கிருஷ்ணம்மநாயக்கன் தோப்பு. அதன் பிறகு வண்டி போகாது. நடக்க வேண்டும், அல்லது குதிரை, அல்லது நாற்காலியில் கம்பு கட்டி ஆட்கள் சுமக்க வேண்டும். வெள்ளைக்காரக் குழந்தைகளும் அவர்களின் டிரங்குப் பெட்டிகளும் தமிழர்களின் தோளில்தான் இந்த மலை ஏறின. 1916-ல் மோட்டார் ஓடும் மலைச்சாலை திறக்கும்வரை இதுதான் நிலைமை.

ஏறியவர்கள் தங்கள் ஊரையே மேலே கொண்டுவந்து வைத்துக்கொண்டார்கள். பேரிக்காய், பிளம்ஸ், உருளைக்கிழங்கு, ஓட்டு வீட்டில் கணப்பு அடுப்பு, தேவாலயம், டென்னிஸ். மதுரை கலெக்டராக இருந்த வெர் ஹென்றி லெவிஞ்ச் 1863-ல் ஓடையை மறித்து ஏரியும் உண்டாக்கினார். 1890-ல் கொடைக்கானல் மிஷனரி யூனியன் உருவானது. புதிதாக வந்த இளம் தம்பதிக்குச் சமையல்காரரை எப்படிப் பழக்குவது, தண்ணீரை எவ்வளவு நேரம் கொதிக்கவைப்பது, குழந்தைக்கு எந்தப் பால் கொடுக்கலாம் என்று சொல்லித்தர ஏற்கெனவே அடிபட்டுத் தேறிய பத்துக் குடும்பங்கள் பக்கத்திலேயே இருந்தன. அதிர்ச்சி அவர்களுக்கும் இருந்தது. விழுந்தால் தாங்கிக்கொள்ள ஆட்களும் இருந்தார்கள். இதைக் குறித்துவைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

ஆயாவிடம் கற்ற தமிழ்

பெரியவர்களுக்குக் கிடைத்த இந்தப் பாதுகாப்பு, குழந்தைகளுக்குக் கிடைக்கவில்லை. பள்ளி வயது வந்ததும் பிள்ளைகளை அமெரிக்காவுக்கு அனுப்பிவிடுவது வழக்கம். கப்பலேறிய பிள்ளையைப் பெற்றோர் மறுபடி பார்க்கப் பல ஆண்டுகள் ஆகும். திரும்பப் பார்க்கும்போது அம்மாவை அடையாளம் தெரியாத பிள்ளைகளும் உண்டு. அமெரிக்காவிலிருந்து வந்த மார்கரெட் எட்டி என்ற பெண்மணி இந்தப் பிரிவின் கொடுமையைப் பார்த்து, மலையிலேயே ஒரு பள்ளி வேண்டும் என்று முன்கை எடுத்தார். 1901-ல் 13 குழந்தைகளோடு ‘ஹைகிளர்க்’ பள்ளி தொடங்கியது. அதுதான் இன்றைய கொடைக்கானல் சர்வதேசப் பள்ளி.

இந்தப் பிள்ளைகளைப் பற்றித்தான் நான் அதிகம் யோசிக்கிறேன். அப்பா அம்மாவுக்கு அன்னிய தேசமாக இருந்த இடம், இவர்களுக்குப் பிறந்த ஊர். முதலில் கேட்ட தாலாட்டு ஆயா பாடியது. சமையலறைத் திண்ணையில் உட்கார்ந்து ரசம் சோறு பிசைந்து தின்றார்கள். பல குழந்தைகளுக்கு ஆங்கிலத்துக்கு முன்பே தமிழ் வாயில் வந்தது. ஆனால், அந்தத் தமிழ் வேலையாட்களோடு பேசுவதற்கான தமிழாகவே நின்றுபோனது. முதல் பல பத்தாண்டுகளுக்கு அது மேலைநாட்டுப் பிள்ளைகளுக்கான பள்ளி. வகுப்பில் பக்கத்தில் உட்காரத் தமிழ்ப் பிள்ளை இல்லை. சுமப்பவர், சமைப்பவர், துவைப்பவர் என்றே தமிழர்களை அறிந்து வளர்ந்த தலைமுறை அது. ஆயாமேல் உயிரையே வைத்திருந்த பிள்ளைக்கு, அந்த ஆயாவின் வீடு எங்கே இருக்கிறது என்று தெரியாது. இதில் பிள்ளைகளின் தப்பு ஏதுமில்லை. ஆனாலும் இது சின்ன விஷயமும் இல்லை.

உண்மையான அதிர்ச்சி பதினெட்டு வயதில் வந்தது. கல்லூரிக்காகச் ‘சொந்த’ நாட்டுக்குப் போனபோது! பார்க்க அமெரிக்கர், பாஸ்போர்ட் அமெரிக்கா. ஆனால், சக மாணவர்கள் பேசும் பாட்டும் தெரியாது, பந்தாட்டமும் தெரியாது. சொந்த ஊர் எது என்று யாராவது கேட்டால் பதில் வராது. 1950-களில் இந்தியாவில் வாழ்ந்த அமெரிக்கக் குடும்பங்களை ஆராய்ந்த சமூகவியல் தம்பதி ஜான் யூசீம், ரூத் ஹில் யூசீம். பெற்றோரின் பண்பாடும் இல்லாமல், வாழும் நாட்டின் பண்பாடும் இல்லாமல் இரண்டுக்கும் நடுவே வளரும் இந்தப் பிள்ளைகளை அவர்கள் ‘மூன்றாம் பண்பாட்டுக் குழந்தைகள்’ என்று அழைத்தார்கள். இன்று துபாயிலும் தோஹாவிலும் சிங்கப்பூரிலும் வளரும் நம் பிள்ளைகளைப் பற்றி உளவியல் நிபுணர்கள் பேசும்போது பயன்படுத்தும் இந்தப் பெயர், இந்திய மண்ணில் நடந்த ஆய்விலிருந்து வந்தது என்பது நம்மில் பலருக்குத் தெரியாது. விடுமுறைக்கு வரும் பேரப்பிள்ளை தாத்தா வீட்டுத் திண்ணையில் ஒட்டாமல் செல்போனோடு ஒதுங்குகிறான் என்று வருத்தப்படும் பெரியவர்கள், இதை ஒருமுறை நினைத்துக்கொள்ளலாம். அவன் ஊரை மறந்துவிட்டான் என்று சொல்ல முடியாது. அவனுக்கு எந்த ஊரும் முழுசாகக் கொடுக்கப்படவில்லை.

பெட்டிச் செய்தி: மலையில் யார் யார்?

பளியர், புலையர்: பழனி மலையின் ஆதிக்குடிகள். தேன், கிழங்கு, காட்டுப் பொருட்களோடு வாழ்ந்தவர்கள். காட்டிலிருந்து காங்கிரீட் காலனிக்கு மாற்றப்பட்ட பளியர் குடும்பங்களுக்கு, கடல் தாண்டாமலே அதிர்ச்சி வந்து சேர்ந்தது.

குன்னுவர், மன்னாடியார்: சமவெளியிலிருந்து சில நூற்றாண்டுகளுக்கு முன் ஏறி, படிக்கட்டு வயல்கள் அமைத்து விவசாயம் செய்தவர்கள். 2019-ல் புவிசார் குறியீடு பெற்ற கொடைக்கானல் மலைப்பூண்டு இம்மலைக் கிராமங்களின் பெருமை.

ஐரோப்பியர், அமெரிக்கர்: 1845 முதல். 1907-ல் சூரிய ஆய்வுக்கூடத்துக்கு ஜான் எவர்ஷெட், மனைவி மேரியோடு வந்தார். இங்கே 1909-ல் அவர் கண்டறிந்த சூரியப் புள்ளி வாயு ஓட்டத்துக்கு அவர் பெயரே வைக்கப்பட்டிருக்கிறது.

தாயகம் திரும்பிய இலங்கை மலையகத் தமிழர்: 1964 ஒப்பந்தத்துக்குப் பிறகு.

கொடைக்கானலை ஒட்டிய வட்டக்கானலுக்கு வரும் இஸ்ரேலியர்: பெரும்பாலும் ராணுவச் சேவை முடித்த இளைஞர்கள்.

முருகனுக்குக் கோயில் கட்டிய ஆஸ்திரேலியப் பெண்

குறிஞ்சி ஆண்டவர் கோயிலுக்குப் போகாமல் கொடைக்கானலிலிருந்து இறங்கும் தமிழ்க் குடும்பம் குறைவு. வானம் தெளிவாக இருந்தால் வடக்கே பழனி மலை, தெற்கே வைகை அணை. இந்தக் கோயிலைக் கட்டியவர் தமிழகத்தில் பிறந்தவர் இல்லை.

ஆஸ்திரேலியாவில் பிறந்த ஹாரிசன், ஆன்மிகத் தேடலோடு கொழும்பு வந்தார். அங்கே சர் பொன்னம்பலம் இராமநாதனைச் சந்தித்தார். இலங்கைத் தமிழர் தலைவர், சட்ட அறிஞர், சைவ ஞானத்தில் ஊறியவர். அவருக்கு மாணவியாகவும் உதவியாளராகவும் இருந்து, பின்பு மனைவியானார். லீலாவதி இராமநாதன் ஆனார். சைவத்தைத் தழுவினார். கணவர் 1930-ல் மறைந்த பின், அவர் தொடங்கிய பெண்கள் கல்லூரியின் பொறுப்பையும் கவனித்தார். கொடைக்கானலில் 1936-ல் இந்த முருகன் கோயிலை எழுப்பினார். இன்று அது பழனி தண்டாயுதபாணி கோயில் நிர்வாகத்தின் கீழ் இருக்கிறது.

மிஷனரிகள் தங்கள் ஊரை மலைக்குக் கொண்டுவந்தார்கள் என்றால், இவர் வந்த ஊரைத் தன் ஊராக்கிக்கொண்டார். புடவை, விபூதி, சைவ உணவு, தமிழ் வீட்டின் ஆசாரங்கள், பெரிய குடும்பத்தின் கண்டிப்பான கண்கள். நூறாண்டுக்கு முன் ஒரு வெள்ளைக்காரப் பெண் இவ்வளவையும் ஏற்றபோது, அவர் பிறந்த சமூகம் எப்படிப் பார்த்திருக்கும் என்று ஊகிக்கலாம். அதற்கான துணிச்சலை நான் மனதார மதிக்கிறேன். கூடவே இதையும் சொல்ல வேண்டும்: அவர் நுழைந்தது இலங்கைத் தமிழரின் உச்சியிலிருந்த வீடு. மாறுவதற்கு அவருக்கு நேரம் இருந்தது. மதிப்பும் பொருளும் இருந்தன. விரும்பி மாறுபவருக்கும் விரட்டப்பட்டு மாறுபவருக்கும் இடையே மலையளவு வித்தியாசம்.

ஒப்பாரிக் கோச்சி

அந்த வித்தியாசத்தை முழுசாக அனுபவித்தவர்கள் நம் சொந்த ஜனங்கள்.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் திருச்சி, புதுக்கோட்டை, சேலம், ராமநாதபுரம், திருநெல்வேலிப் பக்கமிருந்து கங்காணிகள் திரட்டிக்கொண்டுபோன ஏழைக் குடும்பங்கள், இலங்கை மலையகத்தின் காப்பி, தேயிலைத் தோட்டங்களை உருவாக்கின. சுதந்திர இலங்கை 1948-ல் கொண்டுவந்த குடியுரிமைச் சட்டம் அவர்களை ஒரே வெட்டில் நாடற்றவர்களாக்கியது. 1964 அக்டோபர் 30 அன்று சிறிமாவோ பண்டாரநாயக்கவும் லால் பகதூர் சாஸ்திரியும் கையெழுத்திட்டு, மனிதர்களைப் பங்கு பிரித்தார்கள். அந்த மனிதர்களை யாரும் கேட்கவில்லை.

குடும்பத்துக்குள்ளேயே கோடு விழுந்தது. அண்ணனுக்கு இலங்கைக் குடியுரிமை, தம்பிக்கு இந்தியா. மகள் அங்கே, தாய் இங்கே. கண்டி, ஹட்டன், பதுளைப் பக்கமிருந்து தலைமன்னாருக்குப் போன ரயிலை மலையக மக்கள் ‘ஒப்பாரிக் கோச்சி’ என்றே சொன்னார்கள். ஒவ்வொரு ஸ்டேஷனிலும் சனம் மாரில் அடித்துக்கொண்டு அழுதது. தலைமன்னாரிலிருந்து ‘ராமானுஜம்’ கப்பல். முப்பது கிலோமீட்டர் சொச்சம் கடல். இந்தப் பக்கம் ராமேஸ்வரம். பிறகு மண்டபம் முகாம். கையில் ஒரு குடும்ப அட்டை, கொஞ்சம் பாத்திரம், தொழில் கடனாகச் சில ஆயிரம் ரூபாய் தருவதாக வாக்குறுதி.

பெட்டிச் செய்தி: மனிதர்களைப் பிரித்த கணக்கு

1964 ஒப்பந்தத்தின்போது நாடற்றோர் என்று கணக்கிடப்பட்டவர்கள்: 9,75,000 பேர்.
இந்தியா ஏற்க ஒப்புக்கொண்டது: 5,25,000.
இலங்கை ஏற்க ஒப்புக்கொண்டது: 3,00,000.
மீதமிருந்த 1,50,000 பேரை 1974-ல் சிறிமாவோ – இந்திரா காந்தி உடன்பாடு ஆளுக்கு 75,000 என்று சரிபாதியாகப் பிரித்தது.
1984-ல் கப்பல் போக்குவரத்து நின்றதோடு, இந்த வழியாகத் தாயகம் திரும்புவது முடிவுக்கு வந்தது.

சொந்த ஊரில் அன்னியர்

மொழி ஒன்று, சாமி ஒன்று, பொங்கல் ஒன்று. பிறகு என்ன அதிர்ச்சி என்று தோன்றும். அன்றாட வாழ்க்கையில் இறங்கிப் பார்த்தால்தான் புரியும்.

முதலில் வெயில். மூன்று தலைமுறையாகக் கம்பளி போர்த்திக் கொழுந்து பறித்தவர்கள், மே மாதத்துப் புதுக்கோட்டையில் இறங்கினார்கள். குழந்தைகளுக்கு வேர்க்குரு, வயிற்றுப்போக்கு. அடுத்து சாப்பாடு. காலையில் கோதுமை மாவு ரொட்டியும் தேங்காய்ச் சம்பலும் தின்று, பெரட்டுக்கு, அதாவது காலை ஆள் கணக்கெடுப்புக்கு, ஓடிய வாய்க்கு, இங்கே கம்மங்கூழ். தோட்டத்தில் லயம் என்ற வரிசை வீடு, புகை படிந்த எட்டடி அறைதான். அதில் பெருமைப்பட ஒன்றுமில்லை. ஆனாலும், பேர் பதிந்தால் வேலை உண்டு. வேலைக்குப் போகும் தாய் பிள்ளையை விட்டுப்போகப் பிள்ளைக்காம்பரா உண்டு. காய்ச்சல் என்றால் தோட்டத்து மருந்து உண்டு. பெண்ணுக்கும் கூலி உண்டு. இங்கே கூலி என்றைக்குக் கிடைக்கும் என்று யாருக்கும் தெரியாது. கடையில் அரிசி கேட்கும் முறை, பஸ்ஸில் கண்டக்டரிடம் பேசும் முறை, தாலுகா ஆபீஸில் யாருக்கு எவ்வளவு என்ற கணக்கு எல்லாமே புதுசு.

எல்லாவற்றையும்விட வலித்தது இரண்டு. ஒன்று, உறவு. தாத்தா சொல்லிச் சொல்லி மனதில் இருந்த ஊரைத் தேடிப் போனால், காணியில் பங்கு கேட்க வந்துவிட்டார்களோ என்ற பயத்தில் பங்காளிகள் கதவைத் திறக்கத் தயங்கினார்கள். இரண்டாவது, சாதி. தோட்டத்திலும் சாதி இருந்தது. ஆனால், எல்லோரும் ஒரே பெரட்டில் நின்று, ஒரே கொழுந்தைப் பறித்து, ஒரே லயத்தில் படுத்த வாழ்க்கையில் அதன் பிடி தளர்ந்திருந்தது. இங்கே இறங்கிய மறுநாளே, எந்தத் தெரு, எந்தக் கிணறு, எந்த டம்ளர் என்று கேள்வி வந்தது. அக்கரையில் பிறந்த பிள்ளை, “ஏம்மா நமக்கு மட்டும் வேற டம்ளர்?” என்று கேட்கும்போது அந்தத் தாய் என்ன பதில் சொல்லியிருப்பாள்? ஓபர்க் பட்டியல் போட்ட எந்த அதிர்ச்சியோடும் இதைச் சேர்க்க முடியாது. இது நாம் அவர்களுக்குக் கொடுத்த வரவேற்பு.

இலங்கையில் அவர்களுக்குக் கள்ளத்தோணி என்று பெயர். இங்கே சிலோன்காரன். 1983-க்குப் பிறகு போருக்குத் தப்பி வந்த அகதிகளோடு சேர்த்து, இவர்களையும் அகதி என்றார்கள். இந்தியக் குடியுரிமையோடு, இந்திய பாஸ்போர்ட்டோடு முறைப்படி வந்தவர்கள் இவர்கள்!

சமவெளியில் நிற்க முடியாதவர்கள் பழகிய குளிரைத் தேடி மறுபடி மலையேறினார்கள். நீலகிரியில் இவர்களுக்காகவே அரசு தேயிலைத் தோட்டங்களை உருவாக்கியது. பின்னாளில் அது ‘டான்டீ’ என்ற அரசு நிறுவனமாக வளர்ந்தது. கொடைக்கானலில் அப்படி ஒரு ஏற்பாடு இல்லை. இங்கே பெரிய தேயிலைத் தோட்டமும் இல்லை. இருந்தது வாட்டில் மரமும் யூகலிப்டஸும். தோல் பதனிடப் பயன்படும் வாட்டில் பட்டையை உரிக்கவும், மரம் வெட்டிச் சுமக்கவும் காண்டிராக்டர்களுக்கு ஆள் தேவைப்பட்டது. முன்பணம் கொடுத்துக் குடும்பத்தோடு காட்டுக்குள் கொண்டுபோனார்கள். மழைக்கும் பனிக்கும் நடுவே குடிசை. கடையும் காண்டிராக்டரின் ஆளுடையது, கணக்கும் அவருடையது. பட்டை உரித்து உரித்துக் கை வெடித்தாலும் முன்பணம் தீரவில்லை. கொத்தடிமை ஒழிப்புச் சட்டம் 1976-லேயே வந்துவிட்டது. ஆனாலும், 1980-களில் கொடைக்கானல் காடுகளில் தாயகம் திரும்பியோர் கொத்தடிமைகளாகச் சிக்கியிருந்தது வெளிச்சத்துக்கு வந்தது.

இரண்டு காட்சிகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஒரே மலை. பல ஆயிரம் மைல் தாண்டி வந்த குடும்பத்துக்கு பங்களா, பள்ளி, யூனியன், சமைக்க ஆள். பக்கத்துக் கடலைத் தாண்டி வந்த தமிழ்க் குடும்பத்துக்குக் காட்டுக் குடிசையும் கடன் நோட்டும். ஒரு குடும்பம் அன்னிய மண்ணில் வேர் பிடிக்குமா, பட்டுப்போகுமா என்பதை மொழியும் மதமும் மட்டும் தீர்மானிப்பதில்லை என்பதற்கு இதைவிடப் பெரிய சாட்சி எனக்குத் தெரியவில்லை.

சமையலறைத் தரை

இன்றைக்கு வருவோம். கொடைக்கானல் சர்வதேசப் பள்ளி 1970-களிலேயே உலக மாணவர்களுக்கான பள்ளியாக மாறியது; இந்தியாவில் ‘ஐபி’ என்ற சர்வதேசப் பாடத்திட்டத்தை முதலில் கொண்டுவந்த பள்ளியும் அதுதான். இன்றும் ஆசிரியர் குடும்பங்கள் பல நாடுகளிலிருந்து வருகின்றன. அவர்களின் முதல் ஆண்டு எப்படி இருக்கும் என்பதைப் பக்கத்து வீட்டுக்காரர்களே சொல்லிவிடுவார்கள். தெருவில் காட்டுமாடு வந்து நிற்கிறது. குரங்கு ஜன்னல் வழியாக ரொட்டியைத் தூக்கிப் போகிறது. மார்கழியில் விடிவதற்கு முன் ஒலிபெருக்கி. சீசனில் கடைக்குப் போய்த் திரும்ப அரை நாள். 2024 மே மாதம் முதல் வெளியூர் வண்டிகளுக்கு இ-பாஸ் வந்தும் நெரிசல் பற்றிய பேச்சு ஓயவில்லை. இதெல்லாம் ஆறு மாதத்தில் பழகிவிடும்.

பழகாதது மனிதர்களிடம் இருக்கிறது. எவ்வளவு சம்பளம், ஏன் ஒரே குழந்தை, கல்யாணம் ஆகி எத்தனை வருஷம் என்று முதல் சந்திப்பிலேயே கேட்பது நமக்கு நெருக்கம். அவர்களுக்கு அது விசாரணை. சாப்பிட்டாச்சா என்று கேட்டால், சாப்பிடக் கூப்பிடுகிறார்கள் என்று நினைத்துத் திகைப்பவர்கள் உண்டு.

இதையெல்லாம் தாண்டிய இடம், சமையலறைத் தரை. வெளிநாட்டுக் குடும்பம் வீட்டு வேலைக்கு வரும் அக்காவைத் தங்களோடு மேஜையில் உட்கார்ந்து சாப்பிடக் கூப்பிடும். அக்கா மறுத்துவிட்டு, எல்லோரும் சாப்பிட்ட பிறகு தன் தட்டோடு தரையில் உட்காருவார். வற்புறுத்தினால் கண் கலங்கும். அடுத்த வாரம் வேலைக்கு வராமலும் போகலாம். மரியாதை செய்கிறோம் என்று அந்தக் குடும்பம் நினைக்கிறது. அக்காவுக்கோ நாற்காலியின் நுனியில் உட்கார்ந்து, முள்கரண்டியைப் பிடிக்கத் தெரியாமல், நான்கு பேர் பார்க்கச் சாப்பிடுவது தண்டனை. போதாக்குறைக்கு, முன்பு வேலை செய்த இந்திய வீட்டில் அவருக்கென்று தனி டம்ளர் ஒன்று ஜன்னல் ஓரம் இருந்திருக்கும். இதற்குச் சிலர் கண்டுபிடித்த வழி எனக்குப் பிடித்திருக்கிறது: பதினொரு மணிக்கு டீ போட்டுக்கொண்டு, வெள்ளைக்கார அம்மா தானும் போய் சமையலறைத் தரையில் அக்கா பக்கத்தில் உட்கார்ந்துவிடுவது. ஒரே மாதிரி டம்ளரில்.

அதிர்ச்சி ஒருவழிப் பாதையும் இல்லை. வட்டக்கானல் பக்கம் பாருங்கள். குளிர்காலத்தில் இஸ்ரேல் இளைஞர்கள் கூட்டம் கூட்டமாக வருகிறார்கள். மலைக்கிராமத்துப் பெட்டிக்கடையில் ஹீப்ரு எழுத்தில் பலகை தொங்குகிறது. தோசைக்கல்லில் ஷக்ஷுகா என்ற தக்காளி-முட்டைக் குழம்பு கொதிக்கிறது. அறை வாடகையும் கடை வருமானமும் அந்தக் குடும்பங்களின் பிள்ளைகளைக் கல்லூரிக்கு அனுப்பியிருக்கின்றன. அதே வீட்டுப் பாட்டி, வாசலில் கட்டிப்பிடித்து நிற்கும் ஜோடியைப் பார்க்க முடியாமல் பின்கட்டிலேயே பொழுதைக் கழிக்கிறார். பேரன் இரண்டு பக்கமும் பார்த்து வளர்கிறான். யூசீம் தம்பதி பார்த்த பிள்ளைகளைப்போல இவனும் நடுவில் நிற்பவன்தான். சொந்த ஊரைவிட்டு நகராமலே!

மூன்றாம் தலைமுறைக்கும் முடியாத பயணம்

மிஷனரி குடும்பங்களின் பங்களாக்கள் கைமாறிவிட்டன. லீலாவதி கட்டிய கோயிலில் கூட்டம் குறையவில்லை. தாயகம் திரும்பியோரின் பிள்ளைகள் கொடைக்கானலில் ஓட்டல் ஊழியர், ஜீப் டிரைவர், காய்கறி வியாபாரி, ஆசிரியர், நர்ஸ் என்று கால் ஊன்றியிருக்கிறார்கள். யார் தயவும் இல்லாமல் அவர்களாக எடுத்த இடம் அது.

ஆனால், ஒரு விஷயம் இன்னும் தொண்டையில் முள்ளாக நிற்கிறது: சாதிச் சான்றிதழ். தாத்தா பிறந்தது நுவரெலியாவில். அவருடைய அப்பா எந்தக் கிராமத்திலிருந்து போனார் என்பதற்கு அத்தாட்சி இல்லை. இந்தியாவில் பூர்வீக ஊரும் இல்லை, சாட்சி சொல்லப் பங்காளியும் இல்லை. சான்றிதழ் இல்லாமல் உதவித்தொகை இல்லை, இடஒதுக்கீடு இல்லை. இந்தச் சிக்கலில் படிப்பை நிறுத்திய பிள்ளைகள் தமிழகத்தின் எல்லா மலைகளிலும் இருக்கிறார்கள். இங்கே வந்து இறங்கியதும் எந்தச் சாதிக்காகத் தனி டம்ளர் கொடுத்தோமோ, அந்தச் சாதியை நிரூபிக்கக் காகிதம் கொண்டுவா என்று அவர்களின் பேத்தியிடம் இப்போது கேட்கிறோம்.

கண்டியிலிருந்த இந்தியத் தூதரக அலுவலகம் கொடுத்த பாஸ்போர்ட், மண்டபம் முகாம் முத்திரையோடு குடும்ப அட்டை, தோட்டத்துப் பதிவுகள்: இந்த மூன்றையும் பெரும்பாலான குடும்பங்கள் பாலிதீன் உறையில் போட்டு வைத்திருக்கின்றன. இவற்றோடு நேரடி விசாரணையும் சேர்ந்தால், எந்தத் தாசில்தாருக்கும் போதுமான ஆதாரம். பூர்வீக ஊர்க்காரர் கையெழுத்து வேண்டும் என்று திருப்பி அனுப்பக் கூடாது. மலை வட்டங்களில் இதற்கென்று சிறப்பு முகாம் நடத்தி, நிலுவையில் இருக்கும் மனுக்களை வரும் கல்வியாண்டு தொடங்குவதற்குள் முடித்துக்கொடுக்க வேண்டும். ஜூன் மாதச் சேர்க்கைக்குச் சான்றிதழ் கையில் இல்லையென்றால், அந்தப் பிள்ளைக்கு ஒரு வருஷம் போய்விடும்.